இரண்டு மாருதி கோயில் நிறுத்தங்கள்

"…நெசமாவே இருக்கட்டும்மா. உன் ஃபைலுதான் தப்பு, என்மேல தப்பில்லன்னே இருக்கட்டும். அத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது, சொல்லு? நெத்தியில ஒட்டிக்கினு தெருவுல போவட்டா?"

போன வருஷம் மழைக்காலத்தில், புனேயில் நாங்கள் குடியிருக்கும் போபோடியில், ஒரு மத்தியான வேளை. வாசற்படியில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டே மௌஷி என்னிடம் இப்படிக் கேட்டார். எதற்கெடுத்தாலும் ஒரு சொலவடை எடுத்து விடுகிறவள் என்று எங்கள் சந்தில் எனக்குப் பெயர். யார் எந்த ஊர்ப் பேச்சைப் பேசினாலும் அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மௌஷி என்றால் மராத்தியில் சின்னம்மா. இங்கே பள்ளிக்கூட பஸ்ஸில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் பெண்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே அவர்களுக்குப் பெயராகிவிடும். இந்த மௌஷி நம் ஊர்க்காரர்தான். அப்பா அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கன்டோன்மென்டில் வேலை பார்த்தவர்கள். இவர் பிறந்ததே இங்கே. தமிழில் ஆரம்பித்து, இந்தியில் நடந்து, மராத்தியில் போய் முடிப்பார். "என் தமிழைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும், உன் மராத்தியைக் கேட்டா கழுதைக்கே சிரிப்பு வரும், ரெண்டும் சரியாப் போச்சு, வா டீ குடி" என்பதுதான் நாங்கள் பழக ஆரம்பித்த முதல் நாள் அவர் சொன்ன வார்த்தை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த பஸ் வேலைதான் அவருக்குச் சோறும் மரியாதையும். காலையில் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினால், டீக்கடைக்காரர்கூட பெஞ்சை ஒதுக்கி வழி விடுவார்.

இனி என் கதை. நான் விருதுநகர்ப் பக்கம். சரித்திரம் படித்த பி.ஏ. வீட்டுக்காரருக்குக் காட்கியில் தொழிற்சாலை வேலை. அவர் ஷிப்டுக்குப் போனபின் சும்மா இருக்கப் பிடிக்காமல், யூடியூபைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு வரும், ஏன் வந்தது என்று தேடுவேன், மறுபடி தப்பு வரும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி நகர்ந்துதான் கராடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று பெற்றோருக்குப் போனில் சொல்கிற ஆப் எங்களுடையது. மௌஷி போகிற பஸ்ஸும் அதில்தான் ஓடியது. "நீ பொட்டி முன்னாடி குந்திக்கினு பஸ்ஸு ஓட்டற, நான் பஸ்ஸுலயே குந்திக்கினு ஓட்டறேன்" என்று என்னைக் கேலி செய்வார்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. பெட்டிக்குள் பெட்டி அடுக்கியது போன்ற சமாசாரம்தான். வெளிப் பெட்டி பஸ் தடம், அதிலேயே அந்த பஸ்ஸில் போகும் மௌஷியின் போன் நம்பரும் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சிறு பெட்டி. அந்தச் சிறு பெட்டிக்குள் நிறுத்தத்தின் பெயர், அதற்கென்று ஓர் எண், பஸ் வரும் நேரம், அம்மாக்களுக்கு எப்போது செய்தி அனுப்ப வேண்டும் என்கிற விவரம். ஆப் இந்த ஃபைலைப் படித்து, அதில் உள்ளபடி நடக்கும். ஃபைல் சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கும் என்று எங்கள் ஆபீசில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்த ஃபைல்களைக் கையால் திருத்தினால் ஒரு மூடியை மறந்தாலும் முழு ஃபைலும் படுத்துவிடும். ஆகவே எங்கள் டீம் லீட் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். நிறுத்தத்தின் பெயரையும் புது நேரத்தையும் கொடுத்தால் போதும். அது ஃபைலைப் படித்து, அந்தப் பெட்டியைத் தேடி, நேரத்தை மாற்றி, திரும்ப எழுதிவிடும். டீம் லீட் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர், பெரிய காலேஜில் படித்தவர். என்னை வேலைக்கு எடுக்கச் சொல்லிப் பரிந்து பேசியவரும் அவர்தான். ஆபீசில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் மட்டும் 'அக்கா' என்பார். நானும் 'தம்பி' என்பேன். தீபாவளிக்கு என் வீட்டு அதிரசம் முதல் டப்பா அவருக்குத்தான் போகும். இதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை பாதிதான்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். புரோகிராமில் ஒரு வரி மாற்ற வேண்டுமானால் இன்னும் இரண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆனால் எக்ஸ்எம்எல் ஃபைலில் எதை மாற்றினாலும் யாரும் பார்க்க வேண்டாம். "அது வெறும் டேட்டாங்க" என்பார்கள். சமையலுக்கு ஆயிரம் சட்டம், உப்புக்கு ஒரு சட்டமும் இல்லை என்பது போல. அவசரம் வந்தால் எல்லாரும் அந்தச் சந்து வழியாகத்தான் புகுந்து போவார்கள்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. பஸ் போகிற வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஆகவே மாருதி மந்திர் நிறுத்தத்துக்கு பஸ் அரை மணி நேரம் தாமதமாக வரும், ஃபைலில் மாற்றிவிடுங்கள் என்று. டீம் லீட் தன் புரோகிராமை ஓட்டினார். 'ஒரு நிறுத்தம் திருத்தப்பட்டது' என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது. மாற்றியாகிவிட்டது என்று பள்ளிக்கு அவர் மெயில் போட்டதையும் நான் பார்த்தேன்.

புனேயில் இருந்தவர்களுக்கு இங்கே விஷயம் பிடிபட்டிருக்கும். இந்த ஊரில் மாருதி கோயில் இல்லாத முக்கு இல்லை. நம் ஊரில் முச்சந்திக்கு ஒரு பிள்ளையார் மாதிரி இங்கே அனுமார். அந்த ஒரே பஸ் தடத்தில் இரண்டு மாருதி மந்திர் நிறுத்தங்கள். ஒன்று பள்ளியிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வரும். இன்னொன்று, தோண்டிய சாலையைத் தாண்டிக் கடைசிப் பக்கம். தாமதமாவது கடைசி நிறுத்தம். பள்ளிக்காரர்களுக்கும் டிரைவருக்கும் எது என்று சொல்லாமலே தெரியும். ஃபைலில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

மறுநாள் நல்ல மழை. முதல் மாருதி மந்திரில் இறங்க வேண்டிய யூகேஜி குழந்தையின் அம்மாவுக்குப் போனில் செய்தி போயிருக்கிறது, இன்று பஸ் அரை மணி தாமதம் என்று. மழையல்லவா, அதனால்தான் என்று அவர் நம்பிவிட்டார். பஸ்ஸோ எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்து நின்றது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. மௌஷி கதவைத் திறந்து வைத்து, குடையோடு கீழே இறங்கி நின்று பார்த்திருக்கிறார். அம்மாவின் நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். தன் போனில் பதிந்து வைக்காத நம்பர் என்று அந்த அம்மா எடுக்கவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன். டிரைவர் கத்துகிறார். எதிர் பில்டிங் வாட்ச்மேன், "கொழந்தைய என்கிட்ட விட்டுட்டுப் போங்க, எனக்குத் தெரிஞ்ச வீடுதான்" என்றாராம். ஆள் வராவிட்டால் குழந்தையை யாரிடமும் கொடுக்கக் கூடாது, பஸ்ஸிலேயே வைத்திருந்து கடைசியில் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. மௌஷி விதிப்படி செய்தார். குழந்தை அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது.

அம்மா தன் போன் சொன்ன நேரத்துக்குக் கீழே வந்து நின்றார். பஸ் வரவில்லை. வாட்ச்மேன், பஸ் எப்போதோ வந்து போய்விட்டது என்றார். அந்தத் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆப்பில் இருக்கும் மௌஷியின் நம்பரைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடியிருக்கிறார். பஸ் சுற்றி முடித்து, சுற்றுவழி, மழை, நெரிசல் எல்லாம் தாண்டிப் பள்ளி வாசலுக்கு வந்தபோது, மௌஷி தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். குழந்தையின் மாமா ஒருவர் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, மௌஷியைக் கன்னத்தில் அறைந்தார். யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றியது. பஸ்ஸை நேரத்துக்கு முன்னால் எடுத்து, குழந்தையைக் கடத்திக்கொண்டு போகப் பார்த்தவள் என்று ஒருவர் எழுத, அதற்கு நூறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அன்றைக்கே பஸ் கான்டிராக்டர் மௌஷியை நிறுத்திவிட்டார். டிரைவர் அவருக்கு மச்சான் முறை, ஆகவே டிரைவருக்கு ஒன்றுமில்லை.

நான் வேலை முடிந்து வீடு வந்தபோது சந்தே மௌஷி வீட்டு முன் நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நான் எப்பவும் போற டைமுக்குத்தாம்மா போனேன்," என்றார் என்னிடம். "முன்னாடியும் போவல, பின்னாடியும் போவல. அந்த மொபைலு இன்னாவோ வேற டைமு காட்டுச்சாம். மொபைலு பொய் சொல்லாதாம், மௌஷிதான் பொய் சொல்லுவாளாம்."

பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்மணி பெருமூச்சு விட்டு ஒரு சொலவடை சொன்னார்: "சோர் சோடூன் சன்யாசாலா ஃபாசி." திருடனை விட்டுவிட்டுச் சன்னியாசிக்குத் தூக்கு. நம் ஊரில் எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்போம். வேறு நாளாயிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்றைக்கு மனம் அதில் போகவில்லை. நடந்தது மாருதி மந்திர் நிறுத்தத்தில் என்று அவர்கள் சொன்னதுமே, முந்தின நாள் டீம் லீட் மாற்றிய நேரம் எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் அந்தத் தடத்தின் ஃபைலைத் திறந்தேன். முதல் மாருதி மந்திரின் நேரம் அரை மணி தள்ளிப் போயிருந்தது. கடைசி மாருதி மந்திர் பழைய நேரத்திலேயே இருந்தது. புரோகிராமைப் பிரித்துப் படித்தேன். எக்ஸ்எம்எல்லைப் படிக்கும்போது பைத்தானில் இரண்டு விதமாகத் தேடலாம். 'இந்தப் பெயருள்ள பெட்டிகள் எல்லாவற்றையும் கொண்டு வா' என்று கேட்கலாம். 'இந்தப் பெயருள்ள பெட்டியைக் கொண்டு வா' என்றும் கேட்கலாம். இரண்டாவது விதத்தில் கேட்டால் முதலில் கண்ணில் படுவதை மட்டும் கொடுத்துவிட்டுத் தேடுவதை நிறுத்திக்கொள்ளும். இவர் கேட்டது இரண்டாவது விதம். நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்துத் தேடியிருந்தால் குழப்பமே இல்லை. 'ஒரு நிறுத்தம் திருத்தப்பட்டது' என்று அது சொன்னது சத்தியமான வார்த்தை. எந்த நிறுத்தம் என்று மட்டும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

டீம் லீடைக் கான்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். நான் பாதி சொல்வதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நான் போய்ச் சேருவதற்குள் புரோகிராமைத் திருத்தி, ஃபைலையும் சரி செய்து முடித்திருந்தார்.

"நல்ல வேளைங்க்கா, நீங்க கண்டுபுடிச்சீங்க. வேற யாராச்சும் பாத்திருந்தா மானம் போயிருக்கும்."

"சரி தம்பி. பள்ளிக்கூடத்துக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிருவோம். அந்தக்காவை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. பாவம், கன்னத்துல அறையும் வாங்கிருக்காங்க."

அவர் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார். குரல் அதே மரியாதைக் குரல்தான்.

"சொல்லலாமுங்க்கா. சொல்லாம எங்க போறோம். ஆனா இந்த மாசந்தான் ஸ்கூல்ல நம்ம கான்டிராக்ட் புதுப்பிக்கறாங்க. கொஞ்சம் பொறுங்க. கையெழுத்தாகட்டும், நானே போய்ச் சொல்றேன்."

"அதுக்குள்ள அவங்க பொழப்பு?"

"அந்தம்மாவுக்கு வேற பஸ்ஸுல வேலை கெடைச்சுரும்ங்க. நம்ம மேல ஒருக்கா சந்தேகம் வந்துருச்சுன்னா நமக்கு வேற ஸ்கூல் கெடைக்குமுங்களா? இருபது குடும்பமுங்க்கா. உங்குளுதும் சேத்து."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நானும் நினைத்தேன். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்தார். மராத்திக்காரர், தன்மையாக இந்தி பேசுகிறவர்.

"மேடம், ரொம்ப நன்றி. உங்க ரிப்போர்ட் வந்துச்சு. நீங்களே ஃபைலை முழுசா சரிபார்த்து ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பேரன்ட்ஸுக்கு அனுப்பிட்டேன். இப்பத்தான் எல்லாரும் அமைதியானாங்க."

நான் அப்படி எதுவும் எழுதவே இல்லை. மெயிலைத் தேடிப் பார்த்தேன். டீம் லீட் அனுப்பியிருக்கிறார். சிஸ்டத்தைப் பரிசோதித்தோம், ஃபைலில் எந்தப் பிழையும் இல்லை. கீழே, சரிபார்த்தவர் என்று என் பெயர்.

நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"என் பேரை எதுக்குத் தம்பி போட்டீங்க?"

"சப்போர்ட் நீங்கதானுங்க்கா. நெஜமாலுமே நீங்கதான பாத்தீங்க?"

"பிழை இருக்குன்னுல்லா பார்த்தேன்."

"இப்ப இருக்குதுங்களா?" என்று கேட்டார் அவர். "நான் அனுப்பறப்ப ஃபைல் சரியாத்தான இருந்துச்சு. நான் எழுதுனதுல ஒரு வார்த்தை பொய்யின்னு காட்டுங்க்கா பாப்போம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். சோற்றையே பூசணிக்காய் என்று சாதிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். அதில் பாட்டு ஓடவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். தப்பாக இருந்தபோதே நான் எடுத்து வைத்திருந்த பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். போக்குவரத்துப் பொறுப்பாளர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். புரியவில்லை என்று ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னதும் தலையாட்டினார். நன்றாகவே புரிந்துகொண்டார். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகிவிட்டது.

பிறகு அந்தக் காகிதங்களை மடித்து என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"மேடம், நீங்க நல்லவங்க. நீங்க சொல்றது எல்லாம் சரி. இப்ப நான் இதை வெளியில சொன்னா என்ன ஆகும்? எந்த மெசேஜையுமே பேரன்ட்ஸ் நம்ப மாட்டாங்க. அறைஞ்சவர் மன்னிப்புக் கேக்கணும். அவர் கேக்க மாட்டார். வாட்ஸ்அப்ல எழுதினவங்க எல்லாம் கேக்கணும். யார் கேப்பாங்க? ஒரு வாரம் ஆகப் போகுது, எல்லாரும் மறந்துட்டாங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே. ஆறிப்போனதை ஏன் மறுபடி அடுப்புல ஏத்தணும்?"

"சார், அந்தம்மா மறக்கலையே."

"பார்க்கலாம் மேடம். கான்டிராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்," என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் இன்றுவரை சொன்னதாகத் தெரியவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது வேறு. சொல் ஏறியது. அம்பலத்தில் உட்கார வைத்து டீ கூடக் கொடுத்தார்கள். கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்ப அனுப்பி வைத்தார்கள்.

நான் பள்ளிக்குப் போனது டீம் லீடுக்குத் தெரியாமல் இருக்குமா. கோபிக்கவில்லை. மறுவாரம் என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் தட ஃபைல்களைத் திறக்கும் அனுமதி எனக்கு இல்லாமல் போயிற்று. "உங்களுக்கும் டென்ஷன் கொறையுமுங்க்கா" என்றார். கான்டிராக்ட் புதுப்பித்ததற்கு எல்லாருக்கும் பேடா கொடுத்தார்கள். என் மேசைக்கு அவரே கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. சாயங்காலம் பார்த்தால் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

இத்தனை நாளும் மௌஷி என்னோடு பேசவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். வேலை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மனது கேட்காமல் ஒரு மத்தியானம் அவர் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நீதான் பெரிய மேடமாச்சே. கையெழுத்தெல்லாம் போடறியாமே."

கான்டிராக்டரிடம் பாக்கிச் சம்பளத்துக்குப் போனபோது அவர் என் பெயர் போட்ட ரிப்போர்ட்டைப் போனில் காட்டியிருக்கிறார். 'பார், உங்க மத்ராசி மேடமே சரி பார்த்துச் சொல்லியிருக்கு, மிஷின்ல தப்பில்லன்னு' என்று. மௌஷிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என் பெயரை மட்டும் அவரையே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார், இரண்டு தடவை.

நான் படியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு மாருதி கோயிலையும் சொன்னேன். புரோகிராம் முதல் கோயிலோடு நின்றதைச் சொன்னேன். கான்டீனைச் சொன்னேன், மெயிலைச் சொன்னேன், பள்ளிக்கூடத்து டீயைச் சொன்னேன். "நீங்க சொன்ன டைம்தான்க்கா சரி. ஒரு நிமிஷம்கூட நீங்க முன்னாடி போகலை. எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும்" என்றேன். இதைக் கேட்டால் அவருக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று நம்பித்தான் போயிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றானபின் அடங்கிக் கிடக்கும் மனிதருக்கு, பழியாவது நீங்கியது என்று சொல்லப் போனேன்.

அவர் கீரைத் தண்டை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார். நெத்தியில ஒட்டிக்கினு தெருவுல போவட்டா என்று.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். உண்மையாகவே வழி கேட்கிறவர் போலக் கேட்டார். ஒரு ஃபைலில் தப்பு நேர்ந்தால், அதைத் திறந்து, இடத்தைக் கண்டுபிடித்து, சரியானதை எழுதி மூட நானாகவே கற்றுக்கொண்டவள். ஒரு மனுஷியின் பெயரில் விழுந்த தப்பை எந்த இடத்தில் போய்த் திருத்துவது என்பதை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவும் கற்றுக்கொள்ள முடியவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்து, "ஹாங், போலா தாயி" என்றார், மராத்தியில் 'சொல்லுங்க அக்கா' என்று. யாரோ ஒரு குழந்தையின் அம்மா. வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது, பஸ் எங்கே வருகிறது என்று கேட்கிறார். பஸ் உதவியாளரின் நம்பரும் அந்த ஃபைலில்தான் இருக்கிறது, ஆப் அதைத்தான் அம்மாக்களுக்குக் காட்டும். ஆளை மாற்றியவர்கள் அந்த ஒரு வரியை மாற்றவில்லை. வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து அம்மாக்கள் இவரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் போனை அணைத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினேன். மௌஷி என் கையைத் தள்ளிவிட்டார்.

"நான் இப்போ அந்த பஸ்ஸுல இல்ல தாயி," என்று அந்த அம்மாவிடம் மராத்தியிலேயே நிதானமாகச் சொன்னார். "ஆனா மழை வருது பாருங்க. மொபைல்ல வர்ற டைமப் பாத்துக்கிட்டு மேல உக்காந்திருக்காதீங்க. குடைய எடுத்துக்கிட்டு இப்பவே கீழ போய் நில்லுங்க."